‘ல’ சொல்லும் இடம்

கம்பெனி பஸ் பள்ளிகொண்டாவைத் தாண்டியதும் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். மீதிப் பேர் போனில் சீரியல் பார்ப்பார்கள், பூ தொடுப்பார்கள், நேற்று வீட்டில் நடந்ததைச் சொல்லுவார்கள். சோபனா மட்டும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு "ல... ல... ல..." என்பாள். ஒவ்வொரு ‘ல’வுக்கும் பிறகு எச்சிலை ஒரு தடவை விழுங்குவாள். விழுங்கும்போது உதடு இறுகக் கூடாது. நாக்கு முன்பல்லைத் தொடக் கூடாது. தொட்டுவிட்டால் அது சேர்த்தி இல்லை. மறுபடியும் முதலிலிருந்து ‘ல’.

பக்கத்து சீட்டு சவுரியம்மாள் ஆரம்பத்தில் இதை ஏதோ வேண்டுதல் என்று நினைத்து, தொந்தரவு செய்யாமல் இருந்தாள். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"ஏன்டி, உங்க சாமிக்கும் அல்லேலூயா உண்டா?"

"சாமிக்கு இல்லடி, பல்லுக்கு. நாக்கு தள்ளித் தள்ளித்தான் என் பல்லு முன்னால வந்துச்சாம். அது இருக்க வேண்டிய எடத்த அதுக்குச் சொல்லிக் குடுத்துனுகீறேன்."

"இந்த வயசுல நாக்க ஸ்கூலுக்கு அனுப்பறியா?"

"லேட்டா சேத்துட்டாங்க," என்றாள் சோபனா.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் தையல் பிரிவில் அவள் லைன் சூப்பர்வைசர். ஷூவின் மேல்பாகத்தை அங்கே ‘அப்பர்’ என்பார்கள். தோல் துண்டு ஒரு முனையில் நுழைந்து, மெஷின் மெஷினாகக் கைமாறி, மறுமுனையில் அப்பராக வெளியே வரும் வரைக்கும் உள்ள வரிசை அவளுடைய பொறுப்பு. நீலக் கோட்டு, இறுக்கிப் போட்ட கொண்டை, இடது மணிக்கட்டில் எலாஸ்டிக்கில் கட்டித் தொங்கும் சின்ன நூல் கத்தரி. நூலைப் பல்லால் கடித்து அறுக்கிற பெண் யாராவது கண்ணில் பட்டால் திட்டமாட்டாள். தன் கத்தரியைக் கழற்றி அந்த மெஷின்மேல் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். கோட்டுப் பையில் இன்னொன்று எப்போதும் இருக்கும்.

கொய்யாப்பழத்தை அவள் கடித்து யாரும் பார்த்ததில்லை. கத்தியால் கீற்றுப் போட்டுக் கடைவாய்க்குத் தள்ளுவாள். சோளக்கதிரை உதிர்த்துத் தின்பாள். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியில் வரும் நல்லி எலும்பு, மறுபேச்சில்லாமல் கணவன் தட்டுக்குப் போய்விடும். ராத்திரி சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவியதும், கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய பிளேட்டைக் குழாய்த் தண்ணீரில் தேய்த்து மேல்வரிசைப் பற்களில் மாட்டிக்கொள்வாள். வெந்நீர் ஆகாது, பிளேட் நெளிந்துவிடும். மாட்டிய பிறகு அவள் பேச்சில் ‘ச’ எல்லாம் ‘ஷ’ ஆகிவிடும். "நாளைக்கு ஷாம்பார் வெக்கட்டா, ரஷம் வெக்கட்டா?" என்று கேட்பாள். ஒன்பதாவது படிக்கும் மகள் அதே மாதிரி பதில் சொல்லுவாள்.

இந்த ஒழுங்கு முழுக்க, நேரான பல்வரிசை ஒரு தடவை கிடைத்துக் கைவிட்டுப் போனதால் வந்தது.

சோபனா திருப்பத்தூர் பக்கத்துப் பெண். சின்ன வயதில் அவளுடைய மேல்பல் இரண்டும் முன்னுக்கு வந்து, நடுவில் ஓர் அரிசி நுழைகிற அளவுக்கு இடைவெளி இருந்தது. பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு கூட்டம் போனில் சொல்லுகிறோம் என்று போனது, போன் வரவேயில்லை. இன்னொரு கூட்டத்தில் வந்த அத்தை ஒருத்தி, காபியைக் குடித்து முடித்துவிட்டு, "பொண்ணு சிரிக்காம இருக்கசொல்லோ நல்லாத்தான் கீது" என்றாள். மறுவாரம் சோபனாவின் அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு டவுனில் ஒரு பல் டாக்டரிடம் போனாள்.

கிளிப் போட்டார்கள். பல் உள்ளே வந்தது. இடைவெளி மூடியது. ஆனால் டாக்டர் கிளிப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே இன்றைய கணவன் பூவரசன் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்துவிட்டார்கள். ஜாதகம் பொருந்தி, தை மாதத்திலேயே முகூர்த்தம் என்று ஆகிவிட்டது. கம்பியோடு மணவறையில் உட்காருவதா என்று அம்மா டாக்டரிடம் போய் நின்றாள்.

"பல்லு எடத்துக்கு வந்துருக்கும்மா. இன்னும் நிக்க ஆரம்பிக்கல," என்றார் அவர். அம்மா கேட்கவில்லை. கடைசியில் கழற்றிக் கொடுத்து, ரோஜா நிறத்தில் கம்பி வைத்த ஒரு பிளேட்டையும் கொடுத்தார். ராத்திரி பகல் இரண்டு வேளையும் போட வேண்டும், சாப்பிடும்போது மட்டும் கழற்றலாம், நிறுத்தினால் பல் வந்த வழியே போய்விடும் என்று இரண்டு தடவை சொன்னார்.

அம்மா தலையாட்டினாள். மகளை அனுப்பும்போது மட்டும் காதோடு சொன்னாள்: "அங்க போய் இத வெளிய எடுக்காத. கட்டுன பல்லுன்னு நெனச்சுக்கப் போறாங்க. ஏமாத்திட்டோம்னு பேரு வரும்."

பூவரசனுக்குத் தோல் தொழிற்சாலைக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையத்தில் ஷிப்ட் வேலை. அதிகம் பேசாத ஆள். அவன் வேலைக்குப் போயிருக்கும் நேரங்களில் மட்டும் சோபனா பிளேட்டைப் போட்டாள். மீதி நேரம் அது பவுடர் டப்பாவுக்குள், பவுடருக்கு அடியில் கிடந்தது. மாமியார் கோவிந்தம்மாள் ஒருநாள் ஊக்கு தேடிக்கொண்டு வந்து டப்பாவைக் குலுக்கினாள். ரோஜா நிற ஈறும் கம்பியுமாக அது கையில் விழுந்தது.

"ஏம்மா சோபனா. இன்னாது இது? பல்லு செட்டா?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். சோபனாவுக்கு அப்போது இருபத்தொரு வயது. வாயில் வந்தது இதுதான்: "எங்க அம்மாவுது அத்த. தெரியாம எடுத்துனு வந்துட்டேன் போல."

கோவிந்தம்மாள் நல்ல மனுஷி. அதுதான் வினையாகிவிட்டது.

"அட கஷ்டமே. அப்ப அந்த அம்மா எப்டி சாப்புடுவாங்க? கஞ்சியா குடிச்சுனு இருப்பாங்களா?" என்று பதறி, பிளேட்டைச் சோப்புப் போட்டுக் கழுவி, வெள்ளைத் துணியில் சுற்றி, தூங்கிக்கொண்டிருந்த மகனை எழுப்பினாள். சம்பந்தியம்மாவிடம் உடனே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வா என்று பைக்கில் அனுப்பினாள். கூடவே அவர்கள் மெல்லுவதற்குச் சுலபமாக இருக்கட்டும் என்று ஒரு சீப்பு வாழைப்பழமும்.

பைக் தெரு திரும்பும்வரை சோபனா வாசலில் நின்று பார்த்தாள். நிறுத்தச் சொல்ல அவளிடம் ஒரு பொய்யும் மீதி இல்லை.

முப்பத்திரண்டு பல்லும் முழுசாக உள்ள அவளுடைய அம்மா, மாப்பிள்ளை கையிலிருந்து அந்தத் துணிப் பொட்டலத்தைக் கண் சிமிட்டாமல் வாங்கிக்கொண்டாள். "ரெண்டு நாளா இதத்தான் மாப்ள தேடிக்கினு இருக்கேன்," என்றாளாம்.

ஆடிக்கு அம்மா வீடு போனபோது சோபனா முதலில் கேட்டது பிளேட்டைத்தான். பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருந்தது. கண்ணாடி முன்னால் நின்று வைத்து அழுத்தினாள். ஏறவில்லை. கட்டைவிரலால் அழுத்தினாள், ஈறில் ரத்தம் வந்தது. பல் நகர்ந்திருந்தது. அடுத்த ஆடிக்குள் அரிசி நுழையும் இடைவெளி பழையபடி வந்துவிட்டது. வந்ததோடு நிற்காமல் ஒரு பல் லேசாகத் திரும்பியும் கொண்டது.

அதன்பிறகு அவள் கை வாய்க்குப் போனது. சிரித்தால் கை, பேசினால் கை, யாராவது புதிதாக வந்தால் முந்தானை. பூவரசன் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவன் கவனிக்கவே இல்லை என்று அவள் முடிவு செய்துகொண்டாள். அது ஆறுதலாகத்தான் இருந்தது. சில நாள் அந்த ஆறுதலே குத்தியது.

மகள் பிறந்து, பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் சோபனா கம்பெனியில் சேர்ந்தாள். கை சுத்தமான தையல்காரி. ஒரே வீச்சில் வளைவு தைப்பாள். பார்த்துப் பார்த்து அவளை லைன் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். அங்கேதான் சிக்கல் வந்தது. தையல் ஹாலில் மெஷின் சத்தத்தில் யார் குரலும் யாருக்கும் கேட்காது. எல்லாரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். சோபனாவோ வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிறவள். ஒன்பதாம் நம்பர் என்று அவள் சொன்னதை ஆறாம் நம்பர் என்று எடுத்துக்கொண்டு ஒரு பெண் ஒரு கூடை நிறையத் தப்பாகத் தைத்து வைத்தாள்.

புரொடக்‌ஷன் மேனேஜர் மக்பூல் அகமது அவளைக் கூப்பிட்டார். கத்துகிற ஆள் இல்லை.

"ஏம்மா, நீ வாயப் பொத்திக்கினு சொன்னா அவங்களுக்கு இன்னா தெரியும்? ஒண்ணு கைய எறக்கு. இல்லன்னா சொல்லு, உன்ன மறுபடி மெஷின்லயே உக்கார வெக்கறேன். எனக்கும் பேஜார், உனக்கும் பேஜார்."

"ஒரு வாரம் டைம் குடுங்க சார்," என்றாள். அந்த ஒரு வாரமும் கையைக் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டு பேசிப் பார்த்தாள். கை இறங்கியது, வாய் திறக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில், பூவரசன் மதிய ஷிப்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, பின்கட்டில் அவனுக்கு டீ கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கோச்சிக்கக் கூடாது."

"சொல்லு."

"கல்யாணத்துக்கு முன்னாடியே எனக்குப் பல்லு எடுப்பாத்தான் இருந்துச்சு. கிளிப் போட்டு உள்ள தள்ளித்தான் உங்களுக்குக் காட்னாங்க. அப்றம் நீங்க ஒரு பிளேட்ட எங்க அம்மா வூட்டுக்கு எடுத்துனு போனீங்களே..."

"அது உன்னுதுதான். தெரியும்."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "எப்பத்துல இருந்து?"

"அன்னிக்கே. நான் உள்ள போறேன், உங்க அம்மா வாசல்ல உக்காந்து கரும்பு கடிச்சிக்கினு இருக்காங்க. பல்லாலயே தோல உரிச்சிக்கினு. என்னப் பாத்ததும் கரும்ப முறத்துக்கு அடியில தள்ளிட்டு அந்தப் பொட்டலத்த வாங்கினாங்க."

"தெரிஞ்சும் இன்னாத்துக்கு நீங்க கேக்கல?"

"நீயே சொல்லுவன்னு இருந்தேன்," என்றான் பூவரசன். டீயை ஊதிக் குடித்தான். "அப்றம் நாளாய்டுச்சு. இப்பப் போய்க் கேட்டா உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு வுட்டுட்டேன்."

நல்லவன்தான் என்பது அவளுக்குத் தெரிந்தது. கோபமும் அதனால்தான் வந்தது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த பிளேட் அன்றைக்கே திரும்பி வந்திருக்கும். இத்தனை வருஷம் கையால் வாயை மூடிக்கொண்டு யாரிடமிருந்து மறைத்தாள்? தெரிந்தவனிடமிருந்தே. இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவனே வந்து பின்கட்டில் உட்கார்ந்தான்.

"டாக்டர் யாராவது பாத்து வெச்சிருக்கியா?"

"ஆம்பூர்லயே ஒரு மேடம் கீறாங்க."

"எப்போ போணும்னு சொல்லு. ஷிப்ட்ட மாத்திக்கறேன்."

டாக்டர் புஷ்ரா, சோபனாவை விட வயதில் இளையவர். வேகமாகப் பேசுவார், நடுநடுவில் நர்ஸிடம் உருதுவில் ஏதாவது கேட்டுக்கொள்வார். சோபனாவின் வாயை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு மிடறு தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொல்லி, விழுங்கும்போது கீழுதட்டை விரலால் லேசாக விலக்கிப் பார்த்தார். நாக்கு நேராக வந்து முன்பல் இரண்டுக்கும் நடுவில் எட்டிப் பார்த்தது.

"முன்னாடி போட்ட கிளிப் தப்பு இல்லங்க. நல்லாத்தான் போட்டிருக்காங்க. சீக்கிரம் கழட்டிட்டீங்க, பிளேட்டும் போடல. கழட்டின பிறகுதான் பாதி வேலையே. பல்லைச் சுத்தி எலும்பு கெட்டியாகணும். ஈறுக்குள்ள நார் மாதிரி இருக்கும், அது பழைய எடத்துக்கு இழுத்துக்கிட்டே இருக்கும். அது போதாதுன்னு உங்க நாக்கு வேற, ஒவ்வொரு தடவ முழுங்கும்போதும் பல்லை வெளிய தள்ளுது."

"ஷூவ மாட்டி வெக்கிற அச்சுக் கட்டையில இருந்து சீக்கிரம் உருவிட்டா வாய் கோணிக்கும் மேடம். அந்த மாதிரியா?"

"அதேதான்," என்று டாக்டர் சிரித்தார். "ஆனா ஷூவுக்குக் கொஞ்ச நேரம் போதும். உங்களுக்குப் பத்தாது."

"பிளேட் எத்தன வருஷம் போடணும்?"

"பல்லு இப்டியே இருக்கணும்னு நீங்க ஆசப்படற வரைக்கும்."

அப்புறம்தான் அந்த ‘ல’ வந்தது. டாக்டர், "‘ல’ன்னு சொல்லுங்க," என்றார். சொன்னாள். "நாக்கு எங்க தொடுது?" முன்பல்லுக்குப் பின்னால், மேலே, ஈறு மேடாக இருக்கும் இடம். "அதான் அதோட வீடு. சும்மா இருக்கும்போதும் அங்க இருக்கணும், முழுங்கும்போதும் அங்க இருக்கணும்." ஒரு சின்ன ரப்பர் வளையத்தை நாக்கு நுனியில் வைத்து, அந்த மேட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டே விழுங்கச் சொன்னார். முதல் தடவை வளையம் தொண்டைக்குள் போய்விட்டது. இரண்டாவது தடவை டாக்டரின் கோட்டில் போய் விழுந்தது.

கிளிப் மாட்டிய அன்று மாலை வாய் நிறையக் கம்பியோடு வீட்டுக்குள் நுழைந்தாள். கோவிந்தம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சோபனா நின்றவாறே எல்லாவற்றையும் சொன்னாள். பவுடர் டப்பாவிலிருந்து ஆரம்பித்துச் சொன்னாள். கோவிந்தம்மாளின் கை கீரையில் நின்றுவிட்டது.

"அப்ப அது உன்னுதா?"

"ஆமா அத்த."

"நான்தான் எடுத்து அனுப்பிட்டேனா?"

"நான்தான் பொய் சொன்னேன்."

"சோப்பு வேற போட்டுக் கழுவினேனே," என்றாள் கோவிந்தம்மாள். இரண்டு காம்பைக் கிள்ளினாள். பிறகு, "வாழப்பழம் வேற குடுத்தனுப்பினேன். உங்க அம்மா இன்னா நெனச்சிருப்பாங்க," என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தவள், கண்ணில் தண்ணீர் வரும்வரை நிறுத்தவில்லை. கம்பி குத்துகிறதே என்று வாயைப் பிடித்துக்கொண்டு சோபனாவும் சிரித்தாள்.

இந்தத் தடவை கிளிப்பை டாக்டர் கழற்றச் சொன்ன நாளுக்கு முன்னால் யாரும் கழற்றச் சொல்லவில்லை. கம்பெனியில் வாலிபப் பெண்கள் "கம்பி சூப்பர்வைசர்" என்று பேர் வைத்தார்கள். அவளுக்கு அது அவ்வளவாக உறைக்கவில்லை. கம்பியைப் பார்க்கிற சாக்கில் எல்லாரும் அவள் வாயைப் பார்த்தார்கள், அவள் சொன்னது புரிந்தது. கழற்றியதும் முன்பற்களுக்குப் பின்புறம் மெல்லிய கம்பி ஒன்றை ஒட்டி, மேலே போட்டுக்கொள்ள அந்தக் கண்ணாடி பிளேட்டையும் டாக்டர் கொடுத்தார். வீட்டில் பிளேட்டின் டப்பாவுக்குக் கோவிந்தம்மாள் ஓர் இடம் ஒதுக்கினாள்: சாமி படத்துக்குப் பக்கத்தில், விபூதித் தட்டை நகர்த்திவிட்டு. ராத்திரியானால் சீரியல் விளம்பர இடைவேளையில், "சோபனா, போட்டியா?" என்று ஒரு குரல் வரும். ஊருக்குப் போனால் போனிலும் வரும்.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் போன வருஷம் அது நடந்தது. பெரிய ஷிப்மெண்ட். ஆள் பற்றாமல் சோபனாவே மெஷினில் உட்கார்ந்திருந்தாள். கத்தரி எங்கோ விழுந்துவிட்டது. அவசரத்தில், பழைய பழக்கத்தில், நைலான் நூலைப் பல்லால் வெடுக்கென்று இழுத்தாள். உள்ளே ஏதோ விட்டுப்போன மாதிரி இருந்தது. நாக்கால் தடவினாள். பின்னால் ஒட்டிய கம்பி ஒரு முனையில் எழும்பி நின்றது.

ஷிப்மெண்ட் முடியட்டும் என்று இருந்தாள். பிளேட் இருக்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் அந்த வாரம் ஓவர்டைம். வீட்டுக்கு வந்ததும் படுக்கையில் விழுந்துவிடுகிற களைப்பு. ஊரில் ஒரு சாவுக்குப் போயிருந்த கோவிந்தம்மாள் போனில் கேட்டபோது, "போட்டுட்டேன் அத்த, நீங்க சாப்ட்டீங்களா?" என்றாள். போடவில்லை. சொல்லி முடித்ததும் அவளுக்கே திக்கென்றது. பவுடர் டப்பா முன்னால் நின்ற அதே குரல்.

மறுநாள் காலை பிளேட்டை எடுத்து வைத்துப் பார்த்தாள். ஏறியது, ஆனால் முழுசாக இல்லை. ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.

நேராக மக்பூல் அகமதுவிடம் போனாள். அவர் லைன் நடுவில் நின்று டார்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அரை நாள் லீவு வேணும்."

"இன்னிக்கா? இன்னா சோபனா, கன்டெய்னர் நிக்குது. எதுக்கு?"

"பல்லுக்கு."

"பல்லு வலியா? மாத்திர போடு. நாளன்னிக்குப் போ."

"வலி இல்ல சார். நவுருது. நாளன்னிக்குள்ள ஜாஸ்தியா நவுந்துரும்."

"இன்னா நவுருது?"

மெஷின் சத்தத்தில் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று தெரிந்தது. சோபனா ஒரு அடி முன்னால் வந்து, தலையை அண்ணாந்து, இரண்டு விரலால் மேலுதட்டைத் தூக்கி, வாயை முழுசாகத் திறந்து காட்டினாள். பக்கத்து மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. முழு லைனும் பார்த்தது.

"இங்க கம்பி வுட்டுப்போச்சு. இந்தப் பல்லு பழைய எடத்துக்குப் போவுது. ஒரு தடவ வுட்டுட்டு உக்காந்திருந்தேன் சார். இன்னொரு தடவ முடியாது."

மக்பூல் அகமது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்ன பார்ப்பது என்று தெரியாமல் பார்த்தார், பார்த்துவிட்டு சவுரியம்மாளைக் கூப்பிட்டார். "நீ லைனப் பாத்துக்க. சோபனா, கேட்ல நான் சொல்லிட்டேன்னு சொல்லு. போய்ட்டு வா."

டாக்டர் புஷ்ரா உடனே கம்பியைத் திரும்ப ஒட்டவில்லை. பிளேட்டைக் கையில் கொடுத்து, "போடுங்க, கடிச்சு அழுத்துங்க," என்றார். சோபனா அழுத்தினாள். கண்ணில் நீர் வந்தது. மெதுவாக, எலும்பு நெருங்குகிற மாதிரி ஒரு வலியோடு, பிளேட் பொருந்தி உட்கார்ந்தது.

"நல்ல நேரத்துல வந்தீங்க. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா இது ஏறியிருக்காது. புதுசா ஆரம்பிக்க வேண்டியிருந்திருக்கும். ராத்திரி பகல் போடுங்க. பல்லு உள்ள போன பிறகு கம்பி ஒட்டிடலாம்."

அந்த நாட்களில் கம்பெனியில் அவள் "ஷீக்கிரம் ஷீக்கிரம்" என்று பேசினாள். யாரும் சிரிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஊரிலிருந்து திரும்பிய கோவிந்தம்மாளிடம் தான் போனில் சொன்னது பொய் என்று அவளே ஒப்புக்கொண்டாள். கோவிந்தம்மாள், "தெரியும். பிளேட் போட்டா நீ ‘சாப்ட்டீங்களா’ன்னு சுத்தமா சொல்ல மாட்ட," என்று சொல்லிவிட்டுப் பையிலிருந்த வெற்றிலையை எடுத்து ஈரத்துணியில் சுற்ற ஆரம்பித்தாள். பல் திரும்ப உள்ளே போய்ச் சேர்ந்தது. கம்பியை ஒட்டினார்கள். அதற்குப் பிறகுதான் மணிக்கட்டில் எலாஸ்டிக் வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை விரிஞ்சிபுரம் கோயிலுக்கு வீட்டோடு போயிருந்தார்கள். வெயில் ஏறுவதற்கு முன்னால் கும்பிட்டு முடித்து, கோபுரம் தெரிகிற மாதிரி நின்றுகொண்டு ஒரு போட்டோ எடுக்கலாம் என்றான் பூவரசன். சோபனா, கோவிந்தம்மாள், மகள் மூன்று பேரும் நின்றார்கள். வழியில் வந்த ஒரு ஆடு மகளின் தாவணியை இழுக்க, மூன்று பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள். அப்போது பார்த்து அவன் எடுத்தான்.

சோபனா போய் போனை வாங்கினாள். வெயிலுக்குக் கையால் மறைவு கட்டி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, பல் தெரியச் சிரிக்கும் தன் முகத்தைத் தாண்டி, மாமியார் முகத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"அத்த கண்ண மூடிட்டாங்க," என்றாள். "இன்னொண்ணு எடுங்க."

போனை அவன் கையில் கொடுத்துவிட்டு ஓடிப்போய், கோவிந்தம்மாளின் முந்தானையைச் சரிசெய்து, ஆட்டைத் தள்ளிவிட்டு, பக்கத்தில் நின்றாள்.